பின்குசினிக்கு முதல் காசு

திருகோணமலையில் அண்மையில் கட்டிய வீடுகளுக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு குசினி இருக்கும். ஒன்று ஹோலைப் பார்த்தபடி. கறுப்புக் கிறனைட், கைபிடி தெரியாத வெள்ளைக் கதவுகள், சுவருக்குள் பதித்த ஓவன். வீட்டுக்காரர் "இதுதான் பான்ட்ரி" என்று முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். மற்றது பின்னுக்கு, கிணற்றடிக்கு இறங்குகிற வழியில். தகரக் கூரை, கரி பிடித்த சுவர், ஒற்றைக் குமிழ், கால் ஆடும் மேசை. அதை யாரும் காட்டமாட்டார்கள். ஆனால் நாம் சாப்பிட்டுவிட்டு வருகிற புட்டும் மீன்குழம்பும் சொதியும் அந்த இரண்டாவதிலிருந்துதான் வந்திருக்கும். பான்ட்ரியில் தேத்தண்ணீர் ஊற்றுவார்கள். சிலர் அதற்கும் பின்னுக்குத்தான் போவார்கள், கிறனைட்டில் சாயம் படுமென்று.

அழகுக்கு ஓர் அறை, வேலைக்கு ஓர் அறை என்று பிரித்துவிட்டால் இரண்டையும் எப்படி ஒத்துப்போக வைப்பது என்ற தலையிடியே இல்லை. இதில் எனக்குப் பிடிக்காததும் அதுதான். ஒரு மனுசி விடியவிலிருந்து நின்று வேலை செய்கிற இடத்துக்கு மிஞ்சின சீமெந்தும் மிஞ்சின டைல்ஸும். விருந்தாட்கள் எட்டிப் பார்க்கிற இடத்துக்குக் கடன் வாங்கின காசு. உப்புவெளியில் அம்மாவின் வீட்டைத் திருத்தத் தொடங்கியபோது நான் இதைத் தலைகீழாகச் செய்வதென்று முடிவெடுத்தேன். முன்னுக்கு ஒரு கேத்தலும் ஃபிரிட்ஜும் வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன மேடை. மிச்சக் காசு முழுக்கப் பின்குசினிக்கு. வேலையும் அங்கேதான், வடிவும் அங்கேதான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. அவ இருப்பது கனடாவில், ஸ்கார்பரோவில். திருத்துகிற காசில் பாதி அவவுடையது, ஆகவே கதைக்கிற உரிமையும் இருக்கிறது. அங்கே இரவானால் இங்கே விடியும். விடிய எழும்பிப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து கிடக்கும். வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை, நடுவில் தனியாக ஒரு பெரிய மேசை, சுவரே இல்லாமல் ஹோலோடு சேர்ந்த குசினி. "எவ்வளவு வெளிச்சமாக் கிடக்கு, பாரடி." அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தா. "வடிவாத்தான் கிடக்கு பிள்ள. உதுக்குள்ள தூள் வறுக்கேலுமே?"

எங்கள் ஊர்க் குசினியை அளக்க இந்த ஒரு கேள்வி போதும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் தாச்சியில் நிறம் மாறுமட்டும் வறுபடவேண்டும். மிளகாயில் இருக்கிற கப்சைசின் அந்தச் சூட்டில் புகையோடு எழும்பித் தொண்டையைப் பிடிக்கும். சுவர் இல்லாத குசினி என்றால் ஹோலில் இருக்கிற மாமாவும் இருமுவார், திரைச்சீலையும் ஒரு கிழமைக்கு மணக்கும். அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சி பூட்டலாமே என்பீர்கள். கடையில் அதிகம் தள்ளிவிடுகிற மலிவான வகை, உறிஞ்சின காற்றைக் கரி வடியொன்றுக்குள் விட்டுத் திரும்பவும் அதே அறைக்குள் ஊதுவது. குளிர் நாட்டில் சூடாக்கின காற்றை வெளியே விட மனம் வராது, அங்கே அந்த வகைக்கு ஒரு நியாயம் உண்டு. திருகோணமலையில் எந்தக் காற்றைக் காப்பாற்றப் போகிறோம்? பூட்டுவதென்றால் குழாய் போட்டுச் சுவருக்கு வெளியே தள்ளுகிற வகையைப் பூட்டவேண்டும். இல்லாவிட்டால் காசை மிச்சம் பிடித்து ஒரு யன்னலைப் பெரிதாக்கலாம்.

இதை அக்காவுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. அவவும் ஆட்டிறைச்சி சமைப்பது கராஜுக்குள் வைத்த காஸ் அடுப்பிலாம். பக்கத்து வீட்டுத் தமிழாட்களுக்கு நிலக்கீழ் அறையில் தனிக் குசினியே இருக்கிறதாம். வெள்ளைக் குவார்ட்ஸில் பிள்ளைகள் சீரியல் சாப்பிடுகின்றன. கடல் கடந்தும் இரண்டு குசினிதான்!

குசினி எந்த மூலையில் வரவேண்டும் என்பதில் மட்டும் வீட்டில் சண்டை வரவில்லை. தென்கிழக்கு, அக்கினி மூலை, அதற்கு மேல் அம்மா ஒரு சொல்லும் கேட்கமாட்டா. நான் சாத்திரம் பார்க்கிற ஆளில்லை. ஆனால் ஒரு தாளில் வீட்டைச் சதுரமாகக் கீறி, எங்கள் காற்றுகளை அம்புக்குறியாகப் போட்டுப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். மே தொடக்கம் செப்டெம்பர் வரை மேற்கும் தென்மேற்குமாகக் கச்சான். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. தென்கிழக்கு மூலையில் எழும்புகிற புகையைக் கச்சான் கிழக்குப் பக்கமாக வெளியே கொண்டுபோகும். வாடை தெற்குப் பக்கமாக வெளியே கொண்டுபோகும். இரண்டு காலத்திலும் புகை வீட்டை ஊடறுக்காது. வடகிழக்கில் குசினி வைத்தால் வாடைக்காலம் முழுக்க வீடே புகைக்கூண்டு. தென்மேற்கில் வைத்தால் அதே கதை கச்சானுக்கு. மாற்று இடமாகச் சாத்திரம் சொல்கிற வடமேற்கு மூலையும் ஏறத்தாழ அப்படித்தான், நேர் மேற்குக் காற்றுக்கு மட்டும் புகை வடக்குப் பக்க அறைகளை ஊடறுக்கும். இதை நினைத்துத்தான் எழுதினார்களோ என்னவோ, கணக்குச் சரியாக வருகிறது. விடியக் கிழக்கு வெயில் வெட்டுமேடையில் விழுவது மேலதிக இலாபம்.

அக்கா அனுப்புகிற படங்களில் இருக்கிற, மேடையும் அலுமாரியும் சுவரோடு பொருத்திய குசினி முதலில் அழகுக்காக வந்ததே இல்லை. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்த குசினிதான் அதற்கு முன்னோடி. அகலம் ஏறத்தாழ 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். எங்கள் பழைய வீட்டுச் சாமி அறை அளவு. அதற்குள் ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை தரம் குனிகிறாள் என்று கணக்குப் பார்த்து ஒவ்வொன்றையும் வைத்தார். மா போடுகிற இழுப்பறையை ஓக் மரத்தில் செய்தது புழு வராமலிருக்க. வெட்டுகிற பலகை பீச் மரம், கறை பிடிக்காது, கத்திக்கும் தாங்கும். கதவுகளுக்கு நீலம் அடித்தது அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அக்காலத்தில் நம்பியதால். அப்படிப் பத்தாயிரம் அளவில் கட்டினார்கள். ஈயைப் பார்த்து நிறம் தெரிவுசெய்த குசினியின் வழிவந்ததை இன்று நாம் கறை படாமல் பார்த்து வைத்திருக்கிறோம்.

அவர் செய்ததை நாமும் செய்யலாம், ஆனால் அளக்கவேண்டியது நம்முடைய சமையலை. 1940களில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு விதி இப்போது இன்டீரியர் ஆட்கள் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது: ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றும் ஒரு முக்கோணம், ஒவ்வொரு பக்கமும் 4 அடியிலிருந்து 9 அடிக்குள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் அந்த முக்கோணத்தில் சேரவே சேராது. மீன் அன்றன்றைக்கு வரும். தேங்காய் அன்றன்றைக்கு உடைபடும். அம்மா விடியவிலிருந்து மத்தியானம் வரை நடப்பது தண்ணீர், அடுப்பு, தேங்காய் திருவுகிற இடம், இந்த மூன்றுக்கும் நடுவில். ஃபிரிட்ஜ் முன்னுக்கே இருக்கட்டும்.

தேங்காய் திருவுகிற இடம் என்று சொன்னேனே, பான்ட்ரி செய்கிறவர்கள் யாருமே கேட்காத கேள்வி இது. இருந்து திருவுகிற பழைய திருவலைக்கு அம்மாவின் முழங்கால் இனி ஒத்துவராது. மேசை விளிம்பில் திருகாணியால் இறுக்கிப் பிடிப்பிக்கிற, கைபிடி சுற்றுகிற திருவலைதான் இப்போது. அது பிடிக்க மேடையின் விளிம்பு இரண்டு அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கவேண்டும், அடிப்பக்கம் தட்டையாக இருக்கவேண்டும். கிறனைட்டை இரட்டையாக ஒட்டித் தடிப்பாக்கி, உருட்டி மினுக்கி, அதற்குக் கீழேயே இழுப்பறையையும் வைத்தால் திருவலை வழுக்கும், அல்லது பூட்டவே ஏலாது. பல வீடுகளில் பான்ட்ரியைக் கட்டி முடித்தபிறகு தேங்காய்க்கென்று ஒரு பழைய மர மேசையைப் பின்னுக்குக் கொண்டுவந்து போடுவதன் இரகசியம் இது. நாங்கள் ஒரு மூலையில் மூன்றடி நீளத்துக்கு மேடையை ஒற்றைத் தடிப்பில், விளிம்பைச் சும்மா நேராக வெட்டி விட்டோம். கீழே வெறுமை. ஒரு ஸ்டூல் தள்ளி வைக்கலாம்.

உயரம் அடுத்தது. மேசன் அண்ணன் வந்த உடனேயே சுவரில் 36 அங்குலத்துக்குக் கோடு போட்டார். ஏன் என்று கேட்டால், "எல்லா இடமும் அதுதானே தங்கச்சி." அது வெள்ளைக்கார நாடுகளின் அளவு. பொதுவாகச் சொல்கிற கணக்கு, நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால் வருகிற உயரத்திலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் குறைத்து வெட்டுமேடை வரவேண்டும். ஐந்தடி உயரமான அம்மாவுக்கு அது 32க்கும் 34க்கும் இடையில் நிற்கிறது. அடுப்பு இன்னும் பதிய வேண்டும். மேடையின் மேல் காஸ் அடுப்பை வைத்து, அதன்மேல் சோற்றுப் பானையையும் வைத்தால் துழாவுகிற கை தோளுக்கு மேலே போகிறது. இடியப்ப உரலை அமத்துவதற்கும் அப்படித்தான்; உடம்புப் பாரத்தைப் போட்டு அமத்தவேண்டிய வேலை, மேடை உயர்ந்தால் கை மட்டும் மாயும். ஆகவே வெட்டுகிற பக்கம் 33, அடுப்பும் இடியப்பமும் 28. மேடை நடுவில் படி இறங்குகிறது. மேசன் அண்ணனுக்கு அது அவருடைய தொழிலுக்கே இழுக்கு என்ற மாதிரி முகம். படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கும் என்று அக்காவும் சொன்னா. அம்மா நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம் என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

இனி உப்பு. கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாடைக்காலத்தில் யன்னல் கம்பியைத் தடவிவிட்டு விரலை நக்கினால் கரிக்கும். அலுமாரிக் கதவென்று விற்கிற எம்டிஎஃப் பலகை மரநாரைப் பிசினோடு அமத்திச் செய்தது. ஒக்டோபர் தொடங்கித் தை வரை பெய்கிற மழையின் ஈரத்தில் சிங்குக்குக் கீழே இருக்கிற பகுதி ஊதி, ஓரம் பிளந்துவிடும். அலுமினியப் பான்ட்ரி பரவாயில்லை, கறையானும் தொடாது. ஆனால் அலுமினியம் நின்றாலும் அதைப் பிடித்திருக்கிற இரும்புத் திருகாணி நிற்காது. இரண்டு உலோகம் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் தொடுகிற இடத்தில் அலுமினியமும் சேர்ந்து அரிக்கும். சத்தமில்லாமல் தானாக மூடுகிற கதவுப் பிணைச்சல்களுக்கும் இதே விதிதான். கடையில் வடிவாக மூடும். எங்கள் பக்கம் கொஞ்சக் காலத்தில் துருவேறி, பிறகு மூடவும் மாட்டாது திறக்கவும் மாட்டாது.

ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விசயம். சிங்க் வாங்கும்போது தரத்தின் எண்ணைக் கேளுங்கள். 304 என்றால் 18 வீதமளவு குரோமியம், 8 வீதமளவு நிக்கல். 316இல் அதோடு 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேரும். உப்புக்கு உண்மையாகத் தாக்குப்பிடிப்பது அதுதான், விலையும் அப்படியே. மலிவாக வருவது 202, நிக்கலைக் குறைத்து மங்கனீசு கூட்டினது. கடலோரத்தில் அது மண்ணிறப் புள்ளி போடும். கடைக்காரர் காந்தத்தை வைத்து "பாருங்கோ, ஒட்டாது, அசல்" என்பார். 202உம்தான் ஒட்டாது. நாங்கள் 304 எடுத்தோம், பின்னேரம் ஒருக்கா நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதென்ற உடன்படிக்கையோடு.

கதவுகளை இயன்றமட்டும் தவிர்த்தோம். மேடைக்குக் கீழே கொங்கிறீற் தட்டுகள், மேலே டைல்ஸ். பாரமான கிடாரங்களும் தாங்கும், கழுவியும் விடலாம். இதிலும் குறை இருக்கிறது. கச்சான் அடிக்கிற காலத்தில் திறந்த தட்டில் புழுதி படியும், மத்தியானம் துடைத்தது பின்னேரம் திரும்ப வந்துவிடும். அதனால் கோப்பை, கிளாஸ் வைக்கிற மேல்பகுதிக்கு மட்டும் வேப்பமரத்தில் சட்டமும் சரிவுப் பலகைகளும் வைத்த கதவு. காற்றுப் போகும், புழுதி குறையும், கறையானுக்கு வேம்பு கசக்கும். தேக்கு வாங்கலாம்தான். அந்தக் காசுக்கு முழுத் தளத்தையும் போடலாம்.

மேடைக்கு என்ன கல் என்பதில் நான் அதிகம் வாதாடவில்லை. மாபிள் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் கல், தேசிப்புளியும் பழப்புளியும் பட்ட இடத்தில் மினுக்கம் செத்துவிடும். குவார்ட்ஸ் என்று விற்பது கல்தூளைப் பிசினோடு சேர்த்து வார்த்தது; அடுப்பிலிருந்து இறக்கின தாச்சியை நேரே வைத்தால் பிசின் கருகி வடு விழும். கிறனைட் இரண்டுக்கும் தாங்கும். கறுப்பில் தண்ணீர்க் கறையும் உப்பும் வெள்ளையாகத் தெரியும் என்பதால் புள்ளி விழுந்த சாம்பல் நிறம். டைல்ஸ் இடைவெளிக்குச் சாதாரணச் சீமெந்துப் பூச்சுப் போட்டால் மஞ்சள் குடித்துவிடும், எபொக்சிப் பூச்சு குடிக்காது. மஞ்சளைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று: அதன் நிறப்பொருளான குர்குமின் வெயிலில் சிதைந்துபோகும். கறை பட்ட பலகையை, வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை முற்றத்தில் காயவிட்டால் நிறம் போய்விடும். அம்மாமார் காலங்காலமாகச் செய்வது. எந்தக் கடைத் திரவத்தைவிடவும் திறம்.

இன்னொரு கேள்வியையும் எந்தப் படமும் கேட்பதில்லை. மச்சச் சட்டி எங்கே, மரக்கறிச் சட்டி எங்கே? வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் நவராத்திரியும் இருக்கிற வீட்டில் சட்டி, அகப்பை, வெட்டுப்பலகை எல்லாம் இரண்டு சோடி. அவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கவும் கூடாது. எங்கள் திட்டத்தில் தட்டுகளின் எண்ணிக்கை கூடினது இதனால்தான். மீன் வெட்டுவதோ குசினிக்குள் இல்லவே இல்லை. பின் தாழ்வாரத்தில் இடுப்புயரத்துக்குச் சரிவான ஒரு மேடை, ஒரு பைப், தண்ணீர் வாழையடிக்கு ஓடுகிற மாதிரி ஒரு வாய்க்கால். கழிவு வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும், காகத்துக்கும் பூனைக்கும். இந்த ஊரில் மானுக்கும். மரக்கறித் தோலுக்கு வருகிற புள்ளிமானைப் பார்க்கச் சந்தோசம்தான், அது பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போவதுதான் வயிற்றைப் பிசையும்.

காஸ் சிலிண்டரை அலுமாரிக்குள் ஒளித்து வைப்பது இப்போதைய மோஸ்தர். காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் மேலே போகாது, நிலத்தில் தேங்கி, மூடின அலுமாரிக்குள் நிறையும். 2021இன் கடைசி மாதங்களில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகளைப் பார்த்தபிறகும் அதை மூடி வைக்க எனக்குத் துணிவில்லை. 12.5 கிலோ சிலிண்டர் வெளிச்சுவரோடு, நிழலில், கம்பி அடைப்புக்குள் நிற்கிறது. 2022இல் காஸே இல்லாமல் போனபோது பான்ட்ரி மட்டும் இருந்த வீடுகள் முற்றத்தில் மூன்று கல்லை வைத்துச் சமைத்தன. அதனால் எங்கள் பின்குசினியில் விறகடுப்புக்கு ஓர் இடம் நிரந்தரமாக உண்டு, மண்ணால் செய்த இரட்டை வாய் அனகி அடுப்போடு. விறகுப் புகையில் காவியம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்புக்கு மேல் கூம்புக் கூண்டு, அதிலிருந்து கூரை முகட்டுக்கும் மேலே போகிற புகைபோக்கி, வாயில் மழை இறங்காத தொப்பி. செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது. வெளியிலிருந்து பார்த்தால் வீட்டின் மிக வடிவான பகுதியும் அதுதான் என்று நான் சொல்வேன்.

காசு குறைவாக இருக்கிறவர்கள் எதை முதலில் செய்வது என்று கேட்டால் எனக்கு ஒரே விடைதான். பிறகு உடைத்தால் ஒழிய மாற்ற முடியாதவற்றை முதலில்: தண்ணீர் போகிற சரிவு, புகை போகிற வழி, மேடை உயரம், யன்னல். கதவு, கைபிடி, நிறம் எல்லாம் அடுத்த வருடமும் செய்யலாம். எங்கள் சுவருக்கு இப்போதைக்கு வெறும் சுண்ணாம்பு. அக்கா வெளிர் பச்சை என்கிறா. வெள்ளையே நல்லது, மீன் முள் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்பது என் கட்சி. ஓடாவியார் தைப்பொங்கல் முடிந்தபிறகுதான் வருவாராம், ஆகவே கோப்பைத் தட்டுக்கு முன்னால் அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்று திரையாகத் தொங்குகிறது. அம்மா அதுவே போதும், கதவுக் காசுக்கு ஒரு நல்ல கிரைண்டர் வாங்கு என்கிறா. அக்காவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.